கார் கூரைத் துணி தொங்குது... அதுக்கு 7 லட்சம் கடனா?

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, வருமான வரியும் இல்லை. எங்க வீட்டுக் காரோட உள்கூரைத் துணியைப் பத்திப் பேசப் போறேன். ஃபைனான்ஸ் சேனல்ல குஷன் வேலைக்கு என்ன வேலைன்னு நினைக்காதீங்க. 7 லட்ச ரூபாய்க் கடன் ஒண்ணு இந்தத் துணியில இருந்துதான் ஆரம்பிக்க இருந்துச்சு. அந்த ஃபார்ம்ல கையெழுத்துப் போடப் போனது வேற யாரும் இல்லை, ஊருக்கெல்லாம் இஎம்ஐ பத்தி உபதேசம் பண்ற நான்தான்.

எங்க வீடு பாடியில. அப்பா இங்கேயே ஒரு ஆட்டோ பாகங்கள் கம்பெனியில 31 வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். 2013-ல அவர் சொந்தக் காசுல, கடன் இல்லாம வாங்கின ஒரு சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக். 68,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. இன்ஜின் நல்லா இருக்கு, ஏசி நல்லா இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மே மாசத்துல பின்சீட்டுக்கு மேல துணி லேசா ஒரு பூரி மாதிரி உப்பிச்சு. அப்பா குண்டூசி குத்தினார். அடுத்த மாசம் பக்கத்துல இன்னொரு பூரி. இன்னும் நாலு குண்டூசி. வருஷக் கடைசியில பார்த்தா, பந்தல்ல துணி கட்டின மாதிரி நடுவுல தொங்குது. தலையில உரசும். உரசினா மஞ்சளா ஒரு மாவு கொட்டும். ஒரு கல்யாணத்துக்குப் போய் இறங்கும்போது என் பட்டுப்புடவை தோள்பட்டை முழுக்க அந்த மாவு. அன்னைக்கே சொல்லிட்டேன்: "அப்பா, இந்த வண்டியை வித்துடலாம். பழைய வண்டியில இனிமே காசு போடாதீங்க."

அவர் ஒண்ணும் சொல்லலை. அவருக்குப் பழக்கம் அது.

போன நவம்பர்ல ஒரு வியாழக்கிழமை, அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு கிளையன்ட்டைப் பார்த்துட்டுத் திரும்பி வர்றேன். எம்.டி.ஹெச். ரோட்டுல ஒரு ஷேர் ஆட்டோவுல, டிரைவருக்குப் பக்கத்துல பாதி உடம்பு வெளிய தொங்க அப்பா உட்கார்ந்திருக்கார். 68 வயசு. திருவலிதாயம் கோயிலுக்குப் போற நாள் அது, வியாழன் தவற மாட்டார். வீட்டுக்கு வந்து கேட்டேன், வண்டி என்ன ஆச்சுன்னு.

"பின்னாடி வர்றவன் தெரியலம்மா. துணி கண்ணாடியை மறைக்குது. எதுக்கு வம்புன்னு எடுக்கறதில்லை."

"எப்போ இருந்துப்பா?"

"ஆச்சு, நாலு மாசம்."

நாலு மாசமா வாசல்ல நிக்குற வண்டியைத் தாண்டித்தான் நான் தினமும் ஆபீஸ் போறேன். கவனிக்கலை. நான் "காசு போடாதீங்க"ன்னு சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கிட்டு, கேட்கவும் மனசில்லாம, ஷேர் ஆட்டோவுல தொங்கிட்டுப் போயிருக்கார்.

குற்ற உணர்ச்சி வந்தா நம்மள மாதிரி சம்பாதிக்கிறவங்க என்ன செய்வோம்? பெருசா எதையாவது வாங்குவோம். அடுத்த ஞாயிறே ஷோரூம். ஆன்-ரோடு 9.25 லட்சம். நம்ம பழைய வண்டிக்கு 2.25 லட்சம் எடுத்துக்கறேன்னாங்க, அதுலயும் "மேடம், ரூஃப் தொங்குது பாருங்க"ன்னு முதல்ல சொன்ன விலையில 20,000 குறைச்சுட்டுத்தான். மீதி 7 லட்சம் கடன், 9 சதவீதம், 5 வருஷம். ஃபார்ம் டேபிள் மேல. பேனா கையில. அப்பா பக்கத்துல அந்தப் பளபள வண்டியை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்காம உட்கார்ந்திருந்தார். அப்புறம் மெதுவா ஒரே ஒரு கேள்வி: "துணி மாத்த எவ்வளவு ஆகும்னு கேட்டியாம்மா?"

கேட்கலை. ஒரு பொருளை விக்கறதுக்கு முன்னாடி ரிப்பேர் செலவு என்னன்னு ஒரு கொட்டேஷன் வாங்கணும்னு என் கிளையன்ட் எவ்வளவு பேர்கிட்ட சொல்லியிருப்பேன். என் வீட்டுக்கு வாங்கலை. "இன்னொரு நாள் வரோம்"னு எழுந்து வந்துட்டோம்.

முதல்ல, இது ஏன் தொங்குது?

இதைத் தெரிஞ்சுக்காம காசு செலவு பண்ணா, அந்தக் காசு போச்சு. எனக்கு 800 ரூபாய் போயிருக்கு, அதனால சொல்றேன்.

பழைய அம்பாசடர் ஞாபகம் இருக்கா? அதுல கூரைத் துணியைக் குறுக்கே வளைஞ்ச கம்பிகள்ல கோத்து இழுத்துக் கட்டியிருப்பாங்க. தையல் விட்டால் ஒழிய இறங்காது. இப்போ வர்ற கார்கள்ல அப்படி இல்லை. கூரை வடிவத்துக்கே அழுத்தி வார்த்த ஒரு அட்டை. அதுக்கு மேல துணி. அந்தத் துணியோட முதுகுல ஒட்டினபடியே சில மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச். ஸ்பாஞ்சுக்கும் அட்டைக்கும் நடுவுல பசை. ஆக, துணி அட்டையில ஒட்டியிருக்கலை, ஸ்பாஞ்ச்தான் ஒட்டியிருக்கு.

இந்த ஸ்பாஞ்ச் பாலியூரித்தேன். சூடும் ஈரக்காத்தும் சேர்ந்து வருஷக்கணக்குல அடிச்சா, அது உள்ளுக்குள்ளேயே உடைஞ்சு மாவாயிடும். பீரோவுல எடுத்து வெச்ச நல்ல ஷூவை நாலு வருஷம் கழிச்சுப் போட்டா அடிப்பாகம் பொடிப்பொடியா உதிருமே, அதே கதைதான். வெளியே 40 டிகிரி வெயில்னா, மூடின காருக்குள்ளே ஒரு மணி நேரத்துல 55-ஐத் தாண்டிடும். தகரத்தை ஒட்டின கூரை அதை விடச் சூடு. அதோட நம்ம ஊர் ஈரப்பதம். ஷெட் இல்லாம தெருவுல நிக்குற வண்டிக்கு 8 வருஷம், 10 வருஷத்துல இது வர்றது ஆச்சரியமே இல்லை. கம்பெனி மேல கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. இன்சூரன்ஸ்லயும் கேட்க முடியாது. தேய்மானத்தால வர்ற சேதம் மோட்டார் பாலிசியில கிடையவே கிடையாது. ஜீரோ டெப் எடுத்திருந்தாலும் கிடையாது. அது விபத்து கிளெய்ம்ல பாகங்களுக்குக் கழிக்கற தேய்மானத்துக்கு மட்டும்.

இப்போ என் 800 ரூபாய் கதை. போன வருஷம் ரோட்டோரம் ஒருத்தர் சிரிஞ்ச்ல பசையை ஏத்தி, துணி மேலயே குத்தி அமுக்கிக் கொடுத்தார். பத்து நிமிஷ வேலை. நல்லாத்தான் இருந்துச்சு, மார்ச் வரைக்கும். ஏப்ரல்ல இறங்கிடுச்சு, கூடவே துணி முழுக்க டீ சிந்தின மாதிரி பழுப்புக் கறை. காரணம் மேல சொன்னதுதான். மாவா இருக்கற ஸ்பாஞ்ச் மேல எந்தப் பசையைப் போட்டாலும் அது மாவைத்தான் பிடிக்கும், அட்டையைப் பிடிக்காது. குண்டூசியும் அப்படித்தான். ஆகவே யாராவது "கழட்டவே வேண்டாம் சார், அப்படியே ஒட்டித் தரேன்"னு சொன்னா, அங்கேயே கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

மூணு கொட்டேஷன்

ஷோரூம்ல இருந்து வந்த மறுநாளே கேட்க ஆரம்பிச்சேன். கம்பெனி சர்வீஸ் சென்டர்ல துணி மட்டும் மாத்த மாட்டாங்களாம். அட்டையோட முழு செட்டா வரணும், மூணு வாரம் ஆகும், எல்லாம் சேர்த்து 21,800. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல ஒரு கடையில சூயிட் மாதிரி துணி, கூரையில நட்சத்திர லைட்டு, கதவுல ஆம்பியன்ட் லைட்டுன்னு பேசிப் பேசி 24,000 வரைக்கும் கொண்டு போயிட்டாங்க. இங்க பாடியிலேயே, எம்.டி.ஹெச். ரோட்டுல இருந்து உள்ளே போற ஒரு சந்துல இருக்கற குஷன் கடையில 5,000, பில் வேணும்னா ஜிஎஸ்டி தனி.

குஷன் கடை அண்ணன்கிட்ட ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினேன். அவர் கொட்டேஷன் கொடுக்கறதுக்கு முன்னாடி செஞ்ச முதல் வேலை, ஒரு பக்கத்துத் துணியைத் தூக்கி உள்ளே மோந்து பார்த்தது. "தண்ணி ஏறின வண்டியான்னு பார்த்தேன் மேடம்"னார். 2023 டிசம்பர் மிக்ஜாம்ல கொரட்டூர், அம்பத்தூர் பக்கம் எத்தனை வண்டி மூழ்குச்சுன்னு உங்களுக்கே தெரியும். தண்ணி ஏறியோ, மேல இருந்து ஒழுகியோ துணி இறங்கியிருந்தா, ஓட்டையை அடைக்காம துணி மாத்தறது வீண். சன்ரூஃப் இருக்கற வண்டின்னா அதோட வடிகால் குழாய் அடைச்சிருக்கான்னு பார்க்கணும்.

இதையே திருப்பி யோசிங்க. பழைய கார் வாங்கப் போறீங்க. வண்டி 7 வருஷம் பழசு, ஆனா கூரைத் துணி மட்டும் பளிச்சுன்னு புதுசு. சந்தோஷப்படாதீங்க. ஏன் மாத்தினீங்கன்னு கேளுங்க. சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுத்து சேத்துக்கறை இருக்கான்னு பாருங்க, கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்க. வெள்ளத்துல போன வண்டியை உள்ளே துணி மாத்தி விக்கறவங்களும் இருக்காங்க.

வேலை நடந்த அன்னைக்கு அப்பா காலையில இருந்து அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துட்டார். நானும் மதியத்துக்கு மேல போய்ச் சேர்ந்தேன். பேட்டரி ஒயரைக் கழட்டி, சன் வைசர், கைப்பிடிகள், உள்ளே இருக்கற லைட்டு, கதவு பீடிங், ஜன்னலுக்கு நடுவுல இருக்கற பிளாஸ்டிக் பட்டைகள் எல்லாத்தையும் எடுத்து, அட்டையை டிக்கி வழியா மடங்காம வெளியே உருவணும். அதுக்கே ரெண்டு மணி நேரம். அதுக்கப்புறம் துணியை உரிச்சு, பழைய ஸ்பாஞ்சை பிரஷ்ஷால சுரண்டிச் சுத்தம் பண்ணணும். காசு கொடுக்கறது உண்மையில இந்த வேலைக்குத்தான். முகத்துல துணி கட்டிக்கிட்டு ஒரு பையன் ஒரு மணி நேரம் சுரண்டினான். அவன் புருவம் வரைக்கும் மஞ்சள் மாவு. இதைச் சரியா செய்யலைன்னா புதுத் துணியும் ஆறு மாசத்துல இறங்கும்.

அப்புறம்தான் பசை. சூட்டைத் தாங்கற ஸ்ப்ரே பசை, அட்டையிலும் அடிக்கணும், ஸ்பாஞ்ச் முதுகிலும் அடிக்கணும், கொஞ்சம் காயவிட்டு, நடுவுல இருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால தடவிக்கிட்டே போகணும். லைட்டுப் பள்ளம், வைசர் பள்ளத்துல எல்லாம் துணியை இழுத்து அழுத்தணும். கடையில சாதா பசை 400 ரூபாய் கம்மின்னு ஒரு ஆப்ஷன் இருந்துச்சு. 400 ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை. பேரம் பேசணும்னா துணியோட ரகத்துல பேசுங்க, பசையில பேசாதீங்க.

நம்ம இஷ்டத்துக்குத் துணி போடலாமா?

எனக்கு ஒரு ஆசை வந்துச்சு. கண்டாங்கிக் கட்டம் போட்ட ஒரு காட்டன் துணி வீட்டுல இருந்தது. அதைப் போட்டா எப்படி இருக்கும்! அண்ணன் துணியை ரெண்டு கையாலயும் இழுத்துப் பார்த்தார். "இது இழுபடாது மேடம். பள்ளத்துல சுருங்கும். பின்னாடி ஸ்பாஞ்ச் இல்லாம போட்டா பசை மேல கசியும், கட்டத்துக்கு மேல திட்டு திட்டா தெரியும்." ஸ்பாஞ்ச் தனியா ஒட்டித் தர்ற இடத்துக்கு அனுப்பி வாங்கலாம், 2,500 கூட ஆகும், ஆனாலும் கட்டம் நேரா வரும்னு உத்தரவாதம் தர முடியாதுன்னார். இந்த நேர்மைக்காகவே வேலையை அவர்கிட்ட கொடுத்தேன்.

மும்பையில 2015-ல சங்கேத் அவ்லானி ஆரம்பிச்ச டாக்ஸி ஃபேப்ரிக்னு ஒரு முயற்சி கேள்விப்பட்டிருப்பீங்க. இளம் டிசைனர்கள் வரைஞ்ச படங்களைத் துணியில அச்சடிச்சு, பிரீமியர் பத்மினி டாக்ஸிகளோட சீட்டுல இருந்து கூரை வரைக்கும் போட்டாங்க. 2016-ல வந்த கோல்ட்பிளே வீடியோ ஒண்ணுலகூட அப்படி ஒரு டாக்ஸி வரும். அருமையா இருக்கும். ஆனா அங்க கூரைதான் ஷோகேஸ். வண்டியில ஏர்ற ஒவ்வொரு ஆளும் அதைப் பார்க்கறார். நம்ம வண்டியில கூரையைப் பார்க்கறது, பின்சீட்டுல படுத்துத் தூங்கற குழந்தை மட்டும்தான்.

அதனால என் கருத்து இதுதான்: அதே விலைக்குள்ள கலர் மாத்தலாம், தாராளமா மாத்துங்க. வெளிர் கலரா எடுத்தா உள்ளே வெளிச்சமா இருக்கும். ஆனா 12 வருஷ வண்டியோட கூரையில 24,000 போட்டு, விக்கும்போது திரும்ப வரும்னு நினைக்காதீங்க. தொங்கற துணிக்காக விலையைக் குறைப்பாங்க, நட்சத்திர லைட்டுக்காக விலையை ஏத்த மாட்டாங்க. ஒருவேளை அது உங்க சந்தோஷம்னா, சந்தோஷம்னே கணக்குல எழுதுங்க, முதலீடுன்னு எழுதாதீங்க. (ஒரு கிளையன்ட் ஹோம் தியேட்டரை "அசெட்"னு சொல்லி என்கிட்ட ஒரு மணி நேரம் வாதாடினார், அது தனிக் கதை.)

பாதுகாப்பு விஷயத்துல மட்டும் விளையாட்டு வேண்டாம். புது வண்டிகள்ல கதவுக்கு மேல, கூரை ஓரத்துக்குள்ள கர்ட்டன் ஏர்பேக் மடிச்சு வெச்சிருப்பாங்க. அந்த ஓரத்துல கண்டபடி துணியை ஒட்டி, பட்டைகளைத் தப்பா மாட்டினா, விபத்து நேரத்துல அது விரியறதுக்கு இடைஞ்சல் ஆகும். அந்த வகை வண்டின்னா, ஏர்பேக் வேலை தெரிஞ்ச இடத்துல மட்டும் கொடுங்க, 5,000 கூட ஆனாலும் சரி. காருக்குள்ள போடற துணி எவ்வளவு வேகமா தீப்பிடிக்கும்னு பார்க்கவே தனி சோதனை இருக்கு. அதனால வண்டிக்குன்னு விக்கற துணியையே கேட்டு வாங்குங்க. ஜன்னல் ஸ்கிரீன் துணி மீந்துச்சுன்னு கூரையில ஒட்டாதீங்க.

இப்போ என் தொழில்: கணக்கு

மூணு வருஷத்துக்குப் போடறேன், ஏன்னா எங்க வண்டியோட ஆர்சி 2028-ல முடியுது.

புது வண்டி வாங்கியிருந்தா: 7 லட்சம் கடனுக்கு மாச இஎம்ஐ 14,531. முதல் மூணு வருஷத்துல வட்டி மட்டும் சுமார் 1.41 லட்சம். 9.25 லட்சத்துக்கு வாங்கின வண்டி மூணு வருஷம் கழிச்சு 5.5 லட்சத்துக்குப் போகும்னு வெச்சுக்கோங்க, தாராளமாத்தான் வெச்சிருக்கேன். விலை இறக்கம் 3.75 லட்சம். ரெண்டும் சேர்த்து 5.16 லட்சம். சர்வீஸ் செலவைச் சேர்க்கவே இல்லை.

பழைய வண்டியையே வெச்சுக்கிட்டா: 2.25 லட்சம் மதிப்பு 1.4 லட்சமா இறங்கும், அது 85,000. டயர், பேட்டரி, கிளட்ச்னு வருஷத்துக்கு 30,000 வீதம் 90,000. கூரைத் துணி ஜிஎஸ்டியோட 5,900. என் முட்டாள்தனம் 800. மொத்தம் சுமார் 1.82 லட்சம்.

வித்தியாசம் 3.34 லட்சம். மூணு வருஷத்துல. என் அனுமானம் பிடிக்கலைன்னா ரிப்பேர் செலவை ரெண்டு மடங்காக்கிப் பாருங்க. அப்பவும் 2.4 லட்சத்துக்கு மேல நிக்கும்.

இந்த மாதிரி முடிவுகள் எல்லாம் இன்ஜின் பழுதால வர்றதில்லைங்கறதை என் பத்து வருஷ ஆபீஸ் அனுபவத்துல பார்த்துட்டேன். வண்டி ஓடும். ஆனா உட்காரும்போது கண்ணுக்கு அசிங்கமா ஒண்ணு தெரியும். கூரைத் துணி, மங்கின ஹெட்லைட், பிஞ்ச சீட். கூட வேலை பார்க்கறவங்க ஏறினா கூச்சமா இருக்கும். "வண்டி பழசாயிடுச்சு"ன்னு அப்பதான் தோணும். வெறும் 6,000 ரூபாய் கூச்சத்தை 7 லட்சம் கடனால மறைக்கறோம். நானே மறைக்கப் போனேன், அதான் உறுதியா சொல்றேன்.

ஆனா எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். எங்க வண்டி 2013 அடிப்படை மாடல். அதுல ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. புது கார்களுக்கு டிரைவர் ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். "என் குடும்பத்தோட ஹைவேஸ்ல போறேன், எனக்கு ஏர்பேக் வேணும்"னு ஒருத்தர் புது வண்டி வாங்கினா, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அது சரியான காரணம். இந்த ஒரு விஷயம் எனக்கே உறுத்திக்கிட்டுத்தான் இருக்கு. அப்பாகிட்ட பேசி ஒரு ஏற்பாடு செஞ்சிருக்கோம்: இந்த வண்டி பாடி, கொரட்டூர், வில்லிவாக்கத்துக்குள்ள மட்டும். வெளியூருக்கு வாடகை வண்டி. அவர் முழு மனசோட ஒத்துக்கலை, "மேம்பாலம் தாண்டி அண்ணா நகர் போகலாமா கூடாதா"ன்னு இன்னும் வாதம் நடக்குது. மாசம் 7,000 ஒரு ஆர்டி-யில போட ஆரம்பிச்சிருக்கேன். 2028-ல ஆர்சி புதுப்பிக்கணும்னா 15 வருஷம் தாண்டின காருக்குக் கட்டணமே 5,000, அதோட பசுமை வரி, ஃபிட்னஸ் வேலைகள். அப்போ உட்கார்ந்து கையில இருக்கற காசை வெச்சு முடிவு பண்ணிக்கலாம்.

வண்டியைத் தொழிலுக்கு ஓட்டறவங்களுக்கு

சம்பளக்காரங்க இந்தப் பகுதியைத் தாண்டிடலாம், உங்களுக்கு இதுல வரிச்சலுகை எதுவும் இல்லை.

டிராவல்ஸ் வெச்சிருக்கவங்க, தொழில் பேருல கார் வெச்சிருக்கவங்க கவனிங்க. இருந்த துணி போய் அதே மாதிரி துணி போட்டா அது ரிப்பேர். அந்த வருஷச் செலவாவே முழுசா எழுதலாம். சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்குல 2007-ல உச்ச நீதிமன்றம் சொன்னதோட சாரம் இதுதான்: இருக்கற சொத்தை அதே நிலையில காப்பாத்த ஆகற செலவுதான் நடப்பு ரிப்பேர், புதுசா ஒரு சொத்தோ புது அனுகூலமோ வந்தா அது இல்லை. அந்த வழக்கு நூல் மில்லோட ரிங் ஃபிரேம் பத்தினது, ஆனா அளவுகோல் நம்ம கூரைக்கும் பொருந்தும். நட்சத்திர லைட்டு, ஆம்பியன்ட் லைட்டுன்னு போனா ஆபீசர் கேள்வி கேட்பார். அதைச் சொத்துல சேர்த்து தேய்மானமா எடுக்கறதுதான் பாதுகாப்பு. சாதா காருக்கு 15 சதவீதம், வாடகைக்கு ஓட்டற வண்டிக்கு 30 சதவீதம். 44ஏடி-யில வருமானத்தை அனுமானமா காட்டறவங்களுக்கு இந்தப் பேச்சே இல்லை, செலவைத் தனியா கழிக்க முடியாது. 2025-ல வந்த புது வருமான வரிச் சட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1-ல இருந்துதான் அமல். செக்‌ஷன் நம்பர் மாறுது, ரிப்பேர் பத்தின இந்த அடிப்படை மாறலை.

ஜிஎஸ்டி பில் வாங்கினா இன்புட் எடுக்கலாமான்னு கேட்பீங்க. டிரைவரோட சேர்த்து 13 பேருக்கு மேல ஏறாத பயணிகள் வண்டிக்கு, ரிப்பேர் பில்லுக்கும் இன்புட் கிடையாது. பயணிகளை ஏத்தறது, டிரைவிங் ஸ்கூல், வண்டி விற்பனை மாதிரி தொழிலுக்கு மட்டும் விலக்கு. டாக்ஸி தொழில்ல 5 சதவீதம் கட்டறவங்க அந்த விலக்கை நம்பி இந்தப் பில்லை எடுத்துடாதீங்க, அந்த ரேட்டுக்கே இன்புட் கட்டுப்பாடு இருக்கு. அப்படி இருந்தும் பில் வாங்குங்கன்னுதான் சொல்வேன். செலவுன்னு காட்டவும் அதுதான் ஆதாரம், ஆறு மாசத்துல துணி இறங்கினா அந்தக் கடையில போய் நிக்கவும் அதுதான் ஆதாரம். என் பில்லுல "ஒரு வருஷத்துக்குள் இறங்கினால் இலவசமாக ஒட்டித் தரப்படும்"னு பேனாவால எழுதி சீல் வாங்கியிருக்கேன். அண்ணன் சிரிச்சுக்கிட்டேதான் எழுதினார்.

பாடியில 1960-களோட ஆரம்பத்துல வந்த கம்பெனிகள் சக்கரமும் பிரேக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் செஞ்சு நாடு முழுக்க அனுப்பின ஊர் இது. அதைச் சுத்தி வளர்ந்த லேத், குஷன், டிங்கரிங், வயரிங் கடைகள்ல எத்தனை கைத்திறமை இருக்குன்னு இங்கேயே பொறந்து வளர்ந்த எனக்கே முப்பத்தஞ்சு வயசுலதான் தெரியுது. அந்தச் சந்துக்குள்ள நான் போனதே அன்னைக்குத்தான் முதல் தடவை.

அப்பா இப்போ வியாழக்கிழமை காரை எடுக்கறார். போன வாரம் பக்கத்து வீட்டு மாமாவையும் ஏத்திக்கிட்டுப் போனாராம். துணி வெளிர் சாம்பல் கலர். வேலைக்கு முன்னாடி கூரையில இருந்து பிடுங்கின குண்டூசிகளை ஒரு மாத்திரை டப்பாவுல போட்டு டேஷ்போர்டுலயே வெச்சிருக்கார். எண்ணிப் பார்த்தேன், 43. எதுக்குப்பான்னு கேட்டா, "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்"ங்கறார்.

கத்திரி முடிஞ்சதும் ஜூன்ல அந்தக் கூரையை அப்படியே கேமராவுல காட்டறேன். வண்டி இன்னும் வெயில்லதான் நிக்குது, ஷெட் போடலை. இறங்கியிருந்தா அதையும் காட்டறேன், பில்லோட.